அபதானா கிழக்குப் படிக்கட்டு, பெர்செபோலிஸ்

பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் தொடங்கி, மகன் செர்க்சஸ் காலத்தில் முடிந்த அபதானா மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டு இது. பேரரசின் 23 குழுக்கள் காணிக்கையுடன் வரும் காட்சி சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. மேதியர், பாக்திரியர், கூர்முனைத் தொப்பி அணிந்த சகர் ஆகிய ஈரானிய இனத்தவரை உடையைக் கொண்டே பிரித்தறியலாம். குழுத் தலைவரை அரண்மனை அலுவலர் கைப்பிடித்து அழைத்துவருகிறார், மண்டியிடுபவர் எவருமில்லை. சிற்பியின் கைத்திறனை ஏலாமியர் குழுவில் நின்று பார்க்க வேண்டும்: கயிற்றில் நடத்திவரப்படும் பெண்சிங்கம், பின்னால் வருவோர் ஏந்தியிருக்கும் தன் குட்டிகளைத் தலை திருப்பிப் பார்க்கிறது. கி.மு. 330இல் அலெக்சாந்தர் இந்நகரைக் கைப்பற்றியபின் மண்டபம் தீக்கிரையானது. இடிபாடுகள் மூடிக் காத்ததால், 1932இல் எர்னஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் அகழாய்வில் வெளிப்பட்டபோது செதுக்கல்கள் பெரிதும் சிதையாமல் இருந்தன.