பிள்ளைக்கும் வாதம் வரும்

"பக்கவாதம் கிழடுகளுக்குத்தானே?" என்று தோட்டத்தில் நம்மைக் கேட்டார்கள். இல்லீங்க, பிள்ளைக்கும் வரும். திடீரென்று வாய் கோணும், ஒரு பக்கக் கை துவளும், பேச்சுக் குழறும், வலிப்பும் வரலாம். நாமோ காத்துக்கறுப்பு பட்டுடுச்சுன்னு திருநீறு பூசிக் காத்திருக்கிறோம்!

பெரிய ஆஸ்பத்திரிகளே தடுமாறிய விஷயம் இது. அமெரிக்காவில் 2010-இல், பிள்ளைகளின் மூளையில் அடைத்த இரத்தக் கட்டியை 4½ மணி நேரத்துக்குள் மருந்தால் கரைக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள். போதிய பிள்ளைகள் சேராததால் 2013-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்காக, நடுராத்திரியிலும் மூளைப் படம் எடுக்க, நரம்பு டாக்டரை உடனே கூப்பிட என்று பல ஆஸ்பத்திரிகள் ஆயத்தமாகிவிட்டன. லாபம் அதுதான்.

செம்பனைக் காட்டிலிருந்து டவுனுக்குப் போகவே நேரம் ஓடிவிடும். லோரிக்குக் காத்திராமல் 999-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்துச்சு என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.