உஷார்! கப்பாலா பெயரைச் சொல்லிப் பணம் பறிக்க வருகிறார்கள்

மாகறலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறி போட்டிருக்கும் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போடாமல் படிக்க வேண்டும். ஆர்டர் குறைந்த வீடு, பெண்ணுக்கு வரன் அமையாத வீடு, ஜரிகை விலையால் கடனில் விழுந்த வீடு எதுவென்று பார்த்து ஒரு வியாபாரம் நுழைகிறது. 'யூதர்களின் ஐயாயிரம் ஆண்டு ரகசியம், கப்பாலா நியூமராலஜி' என்று செல்போனில் விளம்பரம் வரும். ஆங்கிலத்தில் எழுதும் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் கடன் தீருமாம், இடக்கையில் சிவப்புக் கயிறு கட்டினால் திருஷ்டி கழியுமாம். பெயர் பார்ப்பது இலவசம், பரிகாரத்துக்குத்தான் பணம். கொடுத்துவிடாதீர்கள்!

அந்த ஐயாயிரம் ஆண்டுக் கணக்கே பொய். எபிரேய எழுத்துகள் 22, ஆதி எண்கள் 10 ஆகியவற்றைக் கொண்டு இறைவன் உலகைப் படைத்தான் என்று சொல்லும் 'செஃபர் யெட்சிரா' பழைய நூல்தான். ஆனால் கப்பாலா என்று நாம் அறியும் மறைஞானம் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெற்கு பிரான்சில் உருவெடுத்தது. அதன் தலையாய நூலான 'சோஹர்' 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினில் வெளிவந்தது. அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தைய ஒரு ரிஷியின் பெயரில் அது உலவினாலும், பெரும்பகுதியை எழுதியவர் மோசே டி லியோன் என்று ஆய்வாளர் கெர்ஷோம் ஷோலம் சான்றுகளோடு வாதிட்டார்.

அதற்குள் இருப்பது என்ன? எந்தச் சொல்லும் எட்டாத எல்லையற்ற பரம்பொருள், 'ஐன் சோஃப்'. அதிலிருந்து ஞானம், கருணை, கண்டிப்பு, அழகு எனப் பத்து இறைப்பண்புகள் வெளிப்படுகின்றன, அவற்றுக்கு 'செஃபிரோத்' என்று பெயர். பத்தாவதான மல்கூத், பெண்ணுருவில் உலகோடு உடன் தங்கும் இறைமை. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை நாட்டை விட்டே துரத்தியது. அடுத்த நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஐசக் லூரியா (1534–1572) சொன்ன படைப்புக் கதை மனத்தை உலுக்குவது. இறைவன் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகுக்கு இடம் விட்டான். அவன் ஒளியைத் தாங்க மாட்டாமல் பாத்திரங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளைப் பிரார்த்தனையாலும் நற்செயலாலும் மனிதர்கள் மீட்டுச் சேர்க்க வேண்டும். வீடிழந்து அலைந்த ஒரு சனம் தன் துயரத்துக்குக் கண்ட பொருளாகவே நான் இதைப் படிக்கிறேன். கடன் தீர்க்கும் கணக்குக்கு இதில் ஏது இடம்?

எழுத்தெண் கணக்கு கப்பாலாவில் உண்டு, மறுக்கவில்லை. நம் பழைய ஏடுகளில் க ஒன்று, உ இரண்டு என்று இருந்ததைப் போல எபிரேயத்திலும் எழுத்துதான் எண்: அலெஃப் 1, யோத் 10, கோஃப் 100, தாவ் 400. அன்பைச் சொல்லும் 'அஹவா' கூட்டினால் 13. ஒன்று எனப் பொருள்படும் 'எஹாத்' என்ற சொல்லுக்கும் 13. இரண்டும் சேர்ந்தால் 26, அதுவே இறைவனின் நான்கெழுத்துத் திருநாமத்தின் எண். வேதத்தை ஆழ்ந்து படிப்பவர்களுக்கு அது தியானம். நியூமராலஜிக்காரர் மேசைமேல் இருப்பதோ, ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் போட்ட அட்டவணை. அயர்லாந்தில் பிறந்த கைரேகைக்காரர் கீரோவின் (1866–1936) புத்தகங்களால் பரவியது அது. முனியம்மாள், ஏகாம்பரம் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி அந்த அட்டவணையில் கூட்டிப் பார்ப்பதற்கும் சஃபேத் ஞானிகளுக்கும் என்ன உறவு?

கப்பாலா நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. அடையாறில் 1882-இல் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி தம் நூல்களில் அதைத் தாராளமாக எடுத்தாண்டார். கொச்சி மட்டாஞ்சேரியில் 1615-இல் மறைந்த நெஹெமியா மோத்தாவின் சமாதிக் கல்வெட்டு அவரைப் புகழ்பெற்ற கப்பாலா ஞானி என்கிறது. எல்லா மதத்தாரும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பெயரில் எழுத்தைக் கூட்டிக்கொண்டு வா என்று அங்கே எவரும் சொல்வதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். திருமாகறலீஸ்வரர் உடும்பு வால் வடிவில் எழுந்தருளிய கதையைக் கேட்ட குழந்தைக்கெல்லாம் சொல்கிறோம், சம்பந்தர் பதிகத்தைக் காசு வாங்காமல் பாடுகிறோம்.

கப்பாலாவைச் சொந்தமாகக் கொண்டவர்களே அதைக் கண்டு நடுங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். 1665-இல் காசா நகர நாதன் என்பவர், லூரியாவின் போதனையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஷப்பத்தாய் ஸ்வி என்பவரே மீட்பர் என்று அறிவித்தார். ஆம்ஸ்டர்டாம் முதல் ஏமன் வரை யூதர்கள் கொந்தளித்தார்கள். வியாபாரத்தைப் போட்டுவிட்டு, சொத்தை விற்று, புனித பூமிக்குப் புறப்பட மூட்டை கட்டியவர்கள் உண்டு. மறு ஆண்டே துருக்கி சுல்தான் முன் நின்ற அந்த 'மீட்பர்', உயிருக்கு அஞ்சி இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். விற்ற வீடு திரும்பி வருமா? அந்த இயக்கத்தின் மிச்சம் மீண்டும் தலைதூக்கியபோது, 1756-இல் ப்ரோடி நகரில் கூடிய யூத குருமார்களான ரபிகள், 30 வயதுக்கு முன் சோஹரையும் 40 வயதுக்கு முன் லூரியாவின் போதனைகளையும் படிக்கக் கூடாதென்று தடை போட்டார்கள். முதிர்ந்தவர்களுக்கே யோசித்துக் கொடுத்ததைத்தான், இப்போது வாட்ஸ்அப்பில் கூவி விற்கிறார்கள்.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்று ஆனால் கடன் மனுவும் பிள்ளைகளின் சான்றிதழும் சிக்கும். கெஜட்டில் பெயர் மாற்ற அலைவதும் நீங்கள்தான்.

ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் 'தோஷம் இன்னும் கழியவில்லை' என்று அடுத்த தவணை கேட்பார்கள். ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். வந்த மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.