ஒரே படிப்பு, வெவ்வேறு தகுதி: சட்டம் எதை ஏற்கிறது?

மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் எல்லா மாணவர்களுக்கும் தகுதி விதி ஒன்றாக இருப்பதில்லை. நீட் தேர்வில் பொதுப்பிரிவினர் 50 பெர்சென்டைல் எடுத்தால்தான் தகுதி பெறுவார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் 40 எடுத்தால் போதும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இருப்பிடச் சான்று தேவை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள் ஒதுக்கீடும் உண்டு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றால் விதி மட்டும் ஆளுக்கு ஆள் எப்படி மாறலாம் என்ற கேள்வி, கலந்தாய்வு நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது.

அதற்கான விடை அரசியலமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவில் தொடங்குகிறது. எல்லாருக்கும் ஒரே விதி இருந்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அரசு மக்களை வகை பிரிக்கலாம். ஆனால் காரணமின்றிப் பிரிக்கக் கூடாது. 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு இரண்டு சோதனைகளைத் தெளிவுபடுத்தியது. ஒரு பிரிவினரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தும் தன்மை தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த வேறுபாட்டுக்கும் விதியின் நோக்கத்துக்கும் பொருத்தமான தொடர்பு இருக்க வேண்டும். சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய, 1951இல் சேர்க்கப்பட்ட 15(4) பிரிவு அரசுக்குத் தனியே அதிகாரம் தருகிறது.

இரண்டாவது சோதனையில்தான் பல விதிகள் தோற்றுப்போகின்றன. அன்றைய சென்னை மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். இடங்களை அந்தந்த மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிடும் விதி இருந்தது. கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்க, அடுத்த மாவட்டத்தில் அதைவிட அதிக மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்க நேர்ந்தது. திறமையானவர்களைத் தேர்ந்தெடுப்பதே சேர்க்கையின் நோக்கம் என்றால், மாவட்ட எல்லை அதற்கு எந்த வகையில் உதவுகிறது என்று 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. அரசிடம் தக்க பதில் இல்லாததால் விதி ரத்தானது. அதே தீர்ப்பில், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான இட ஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாநிலத்தைப் பல அலகுகளாகப் பிரித்து அலகுவாரியாக மாணவர்களைத் தேர்வு செய்த முறையும் 1970இல் பெரியகருப்பன் வழக்கில் இதே காரணத்தால் செல்லாமல் போனது.

1971இல் சஞ்சலா வழக்கில் முடிவு வேறாக இருந்தது. மைசூர் மாநிலத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மருத்துவக் கல்லூரி இடங்களில் பெரும்பகுதியைத் தன்னிடம் படித்தவர்களுக்கே ஒதுக்கியது. பிற பல்கலைக்கழகத்தாருக்கு 20 சதவீதம் வரை இடம் தரப்பட்டது. பல்கலைக்கழகங்களின் தேர்வுத் தரம் ஒன்றுபோல் இல்லாத நிலையில், ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு முன்னுரிமை தருவதில் காரணம் இருக்கிறது என்று நீதிமன்றம் கருதியது.

வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது என்பது அடுத்த சிக்கல். நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குச் சமன்படுத்தும் முறையை வகுத்தது. இயற்பியலில் மாநில வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உயர்ந்த மதிப்பெண் 90 என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 நூறாகக் கொள்ளப்படும். அதே வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66 என்று கணக்கிடப்படும். இங்கே எந்த வாரியத்து மாணவருக்கும் தனிச் சலுகை இல்லை. எல்லா மதிப்பெண்களும் ஒரே அளவுக்குக் கொண்டுவரப்படுகின்றன.

தமிழ்நாட்டின் அண்மைக்கால அனுபவங்கள் இரண்டு ஒன்றையொன்று விளக்குகின்றன. 2017இல், மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 85 சதவீதம் மாநில வாரியத்தில் படித்தவர்களுக்கே என்று மாநில அரசு ஆணை பிறப்பித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எல்லாரும் ஒரே நீட் தேர்வை எழுதியிருக்க, படித்த வாரியத்தை மட்டும் வைத்து மாணவர்களைப் பிரிப்பது பாகுபாடு என்று அது கூறியது. மாநில வாரியத்தில் வசதியான தனியார் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2020இல் அரசு வேறு வழியைப் பின்பற்றியது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதன்பின் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்து, ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு செய்யவும் சொன்னது. 2017இல் வாரியத்தின் பெயர் மட்டுமே அடிப்படையாக இருந்தது. 2020இல் ஏழ்மையும் கற்றல் வாய்ப்பின் குறைவும் ஆராயப்பட்டு அடிப்படையாயின. ஒதுக்கீட்டின் அளவும் சிறியது.

நியாயமான வேறுபாட்டுக்கும் எல்லை உண்டு. 1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில், முதுநிலை மருத்துவத்துக்குப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20 சதவீதம் என்று உத்தரப் பிரதேசம் வைத்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. படிப்பு உயர உயர, சலுகைக்கான இடம் குறைகிறது. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கிலும் இதே எண்ணம் வெளிப்பட்டது. இளநிலையில் மாநில மாணவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம். முதுநிலையில் இருப்பிடம் அளவுகோலாகக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. 2025 ஜனவரியில் தன்வி பெல் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது.

ஆகவே, ஒரு தகுதி விதி நியாயமானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். யாரை, எந்த அடிப்படையில் பிரிக்கிறது? அந்தப் பிரிப்பு படிப்பின் நோக்கத்துக்கோ, உண்மையான பின்தங்கிய நிலையை ஈடுசெய்யவோ உதவுகிறதா? வேறுபாடு தேவையான அளவில் நிற்கிறதா? இவற்றுக்குத் தரவோடு பதில் சொல்ல வேண்டிய கடமை விதியை வகுக்கும் அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. பாதிக்கப்பட்டதாகக் கருதும் மாணவர் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சேர்க்கை முடிந்தபின் வழக்கில் வென்றாலும் இடம் கிடைப்பது கடினம் என்பதால், தகவல் கையேடு வெளியானவுடனேயே விதிகளைப் படித்து, ஆட்சேபம் இருந்தால் தாமதிக்காமல் செயல்படுவதே மாணவருக்குப் பாதுகாப்பு.