விரத நாளில் உடல் எதை எரிக்கிறது?

மாசித் திருவிழா நெருங்கும்போது மேச்சேரியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பத்ரகாளியம்மனுக்கு விரதம் இருப்போர் பலர். அவர்களுள் சர்க்கரை நோய் உள்ளோரும் உண்டு. சாப்பிடாத நாளில் இன்சுலின் எதற்கு என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வெண்ணம் ஆபத்தானது.

முந்தைய இரவு உண்ட களியிலிருந்து கிடைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. அந்த இருப்பு ஏறத்தாழ 100 கிராம்தான். ஒரு நாளைக்கு மேல் தாங்குவது அரிது. உணவு இல்லாதபோது இரத்தத்தில் இன்சுலின் குறைகிறது; உடனே கொழுப்புத் திசுக்கள் தம் கொழுப்பைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் விடுகின்றன. தசையும் இதயமும் அவற்றை நேரே எரித்துக்கொள்ளும். மூளைக்கு அவை உதவா. ஆகவே கல்லீரல் அவற்றைக் கீட்டோன்கள் எனும் சிறு மூலக்கூறுகளாக மாற்றி அனுப்புகிறது. இந்நிலையே கீட்டோசிஸ். வாரக்கணக்கில் பட்டினி நீண்டால், மூளை தனக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கும் மேல் கீட்டோன்களிலிருந்தே பெறுகிறது. நலமுள்ளவர் விரதமிருக்கையில் மூச்சில் பழவாடை வீசினால், அது அசிட்டோன் என்னும் கீட்டோன் வெளியேறுவதன் அடையாளம், அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் முதன்மையான கீட்டோன்கள் இரண்டும் அமிலங்கள். நலமுள்ள உடலில் கணையம் பட்டினியின்போதும் சிறிதளவு இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறு அளவே கொழுப்பு கட்டுமீறிக் கரையாமல் தடுக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயில் அத்தடை இல்லை. ஊசியை நிறுத்தினால் கீட்டோன்கள் பெருகி, இரத்தம் அமிலமேறி, உயிருக்கே கேடு வரும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூய்மைப்படுத்திய இன்சுலினைச் செலுத்தியபோது, அவனது சிறுநீரில் கீட்டோன்கள் ஏறத்தாழ மறைந்துபோயின. அதுவரை இந்நோய்க்குத் தக்க மருந்தே இல்லை.

சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் இத்தீங்கு நேரலாம். அவர்களுக்குச் சர்க்கரை அளவு மிக உயராமலேயே இரத்தம் அமிலமாகக்கூடும் என்பதால், குளுக்கோமீட்டரை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

மறுபுறம், வழக்கமான அளவையே விரத நாளிலும் செலுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். எனவே காப்புக் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு, விரதம் இருக்கலாமா, மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறியுங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த விரைவான மூச்சு, அரைமயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், விரதக் களைப்பு என்று வீட்டார் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.