கற்பனை உலகும் துணைப்படைப்பும்

இல்லாத உலகொன்றைப் புனைவது பொய்யுரைப்பதாகாதோ என்னும் ஐயம் விசுவாசிகள் பலரிடம் உண்டு. ஜே. ஆர். ஆர். டோல்கீன், 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாக ஆற்றி, 1947இல் விரித்து வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை பகர்ந்தார். ஒன்றுமில்லாமையினின்று படைப்பவர் கடவுள் ஒருவரே. அவரது சாயலில் உண்டாக்கப்பட்ட மனிதனோ, அவர் படைத்தவற்றைக் கொண்டே வேறோர் உலகை அமைக்கிறான். இதுவே துணைப்படைப்பு. பச்சை நிறக் கதிரவன் என்று சொல்வது எளிது. அக்கதிரவன் நம்பத்தக்கதாகும் உலகை அமைப்பதோ அரிது. மனிதர் தம் கற்பனையினின்று பொய்த் தெய்வங்களையும் உருவாக்கியதுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் தவறான பயன் நற்பயனை அழித்துவிடாது என்றார்.

ஆகவே, இத்தகைய கதைகளை வாசிக்கலாமா என வினவும் இளைஞருக்கு ஆயர் அளிக்கத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு: அவ்வுலகினின்று திரும்புகையில், கடவுள் தந்த மரமும் கல்லும் அப்பமும் நமக்குப் புதியனவாய்த் தோன்றுகின்றனவா?