சுரப்பி ஓய்ந்தும் ஓயாத மணி

சாஆவில் எங்கள் அக்கா தலைப்பிள்ளையைச் சுமந்திருந்த சமயம், மருத்துவர் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் ஒரே குழப்பம். கிரேவ்ஸ் நோய்க்காகக் கதிரியக்க அயோடின் உட்கொண்டு, அக்காவின் தைராய்டு சுரப்பி ஓய்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. “சுரப்பியே வேலை செய்யல, இன்னும் என்னத்தத் தேடுறாங்க?” என்றார் அம்மா. உயிரியல் மாணவனான நானும் விழித்தேன்.

அன்பர்களே, தோட்டத்தில் பிரட்டு மணி அடித்தால்தானே வேலை தொடங்கும்? தைராய்டும் அப்படித்தான். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பி மணியை அடிக்கிறது. அந்த மணிதான் ஏற்பி. எதிர்ப்பொருள் என்றாலே அழிப்பது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். கிரேவ்ஸ் நோயின் எதிர்ப்பொருளோ மணியை உடைப்பதில்லை, விடாமல் அடிக்கிறது. பிட்யூட்டரி அடங்கிய பிறகும் சுரப்பி ஓடிக்கொண்டே இருக்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும்.

இதன் முதல் தடயம் 1956இல் கிடைத்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஆடம்சும் பர்வ்சும் நோயாளிகளின் இரத்த நீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினர். அவற்றின் தைராய்டு தூண்டப்பட்டது, ஆனால் டி.எஸ்.எச். தூண்டுவதைவிட நெடுநேரம். அது ஹார்மோன் அல்ல, எதிர்ப்பொருள் என்பது பின்னர்தான் தெளிவானது.

அந்த நோயை விலங்கில் உண்டாக்குவதுதான் பெரும்பாடு. 1989இல் ஏற்பியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வகத்தில் செய்த ஏற்பிப் புரதத்தை விலங்குகளுக்கு ஊசியால் ஏற்றினார்கள். எதிர்ப்பொருள் உருவானது, நோய் மட்டும் சரியாக வரவில்லை. கழற்றிக் கீழே போட்ட மணியைக் காட்டி, அதை அடிக்கப் பழக்க முடியுமா? 1996இல் ஷிமோஜோ குழுவினர், மனித ஏற்பியை மேற்பரப்பில் தாங்கிய உயிருள்ள எலி உயிரணுக்களையே எலிகளுக்குச் செலுத்தினர். பெரும்பாலான எலிகளில் எதிர்ப்பொருள் தோன்றியது. ஆனால் ஏறக்குறைய 20 விழுக்காட்டு எலிகளுக்கே தைராய்டு மிகைச் சுரப்பு வந்தது. ஏற்பி தன் இயல்பான வடிவில் இருந்தால்தான் தூண்டும் எதிர்ப்பொருள் பிறக்கிறது. அப்படிப் பிறந்தாலும் எல்லாமே தூண்டுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். அயோடின் சுரப்பியைத்தான் ஓய்த்தது. எதிர்ப்பொருளை உண்டாக்குவது நோய் எதிர்ப்பு மண்டலம். அது ஆண்டுக்கணக்கில் தொடரலாம். அக்காவிடம் அடிக்க மணி இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும். வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு தைராய்டு உண்டே!

அக்காவுக்கு அளவு கூடுதலாகவே இருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனமாக எண்ணினார்கள். பையன் பிறந்த பிறகும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் சில மாதங்களில் தானே கரைந்துவிடும் என்பதால், அதுவரை அவனைச் சோதனைக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.