நீரைக் கண்காணிப்பது யார் பொறுப்பு?



நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் நீரின் அடையாளங்களாக நம் ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. நஜீஸ் கலந்து இவற்றுள் ஒன்று மாறிவிட்டாலும், நீர் எவ்வளவு அதிகமாக இருப்பினும், அதில் உளூச் செய்தல் கூடாது. மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் இதனை அறிவான். ஆயினும் தொழிற்பேட்டைகளை அண்டி வாழ்வோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது. நீரில் சிறிதளவே கரைந்த கன உலோகத்திற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூன்று அடையாளங்களும் மாறாத கிணற்று நீர் உளூவுக்கு ஏற்றதாயிருந்தும் குடிப்போருக்குத் தீங்காகலாம்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும். முன்னோர் அமைத்த இச்சங்கிலியில் மேலே விழும் அழுக்கு கீழேயுள்ளவரையும் சேரும். மழைநீருக்கென வெட்டப்பட்ட கால்வாய்கள் வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து கொரட்டூர் ஏரிக்குள் வந்தபோது, அப்பகுதிக் குடியிருப்போர் 'கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்' என ஒன்றுகூடினர். பதவியோ ஊதியமோ இல்லாத இவர்கள் கழிவு கலப்பதைத் தொடர்ந்து எடுத்துரைத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை முறையீட்டைக் கொண்டு சென்றனர். ஏரி இன்னும் முழுமையாக மீளவில்லை. எனினும் அவர்கள் வாய் திறவாதிருந்தால் அதன் நிலை பேசப்பட்டே இராது.

கூவம் ஆற்றின் கதை இதனினும் வேதனைக்குரியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான பகுதியில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம். அவ்வறிக்கையில் இடம்பெற்ற இந்திய ஆறுகளில் இதுவே மிக அதிகம். குளிக்கத் தகுந்த நீரில் இது 3 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. 115 மடங்கு! கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை எவ்வளவு உறிஞ்சும் என்பதன் அளவே இது. ஆக்சிஜன் தீர்ந்தால் மீன் சாகும், பின்னர் நாற்றம் எழும்.

தொண்டர்கள் இதனை அளக்க இயலுமா? ஒரு பகுதியை இயலும். கரைந்த ஆக்சிஜனைக் காண 1888இல் விங்க்ளர் என்பார் வகுத்த முறை இன்றும் பள்ளி ஆய்வகங்களில் உண்டு. காற்றுக் குமிழியின்றி நிரப்பிய புட்டியில் மாங்கனீசு உப்பும், அயோடைடு கலந்த காரமும் சேர்த்தால், ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பு வீழ்படிவு உண்டாகும். வெண்மையாகவே நின்றால் நீர் மூச்சடங்கியது என்று பொருள். ஆனால் நேரம் மிக முக்கியம். பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளியிடுவதால் பிற்பகலில் எடுத்த நீர் ஏமாற்றிவிடும். இரவு முழுதும் அது குறைந்து விடியலில் மிகத் தாழ்ந்திருக்கும். சுப்ஹுத் தொழுகை முடிந்து திரும்பும் வேளையே உண்மை தெரியும் வேளை! ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முறை என்பதைக் கைவிட்டால் மாதக்கணக்கில் எழுதிய குறிப்பேடும் பயனற்றுப் போகும்.

மலக்கிருமி கலந்துள்ளதா என்றறிய, 1982இல் இந்திய அறிவியலாளர்கள் வெளியிட்ட எளிய புட்டிச் சோதனை உண்டு. மருந்திட்ட தாளுள்ள புட்டியில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மாசுபட்ட நீர் கறுத்துவிடும். ஏரியில் எடுத்த நீர் எப்படியும் கறுக்கும். ஆகவே இதனைக் கிணற்றுக்கும் குழாய்க்கும் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இத்தகைய சோதனைகளின் எல்லையையும் உணர வேண்டும். இமாம் மாவர்தீ (மறைவு 1058) தம் ஆட்சியியல் நூலில், அரசு நியமித்த முஹ்தஸிபுக்கும் தாமாக முன்வரும் தொண்டருக்குமிடையே ஒன்பது வேறுபாடுகளை வகுக்கிறார். தண்டிக்கும் அதிகாரம் முன்னவருக்கே உரியது. நம் நாட்டின் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்துள்ளது. வழக்கில் சான்றாகும் மாதிரியை வாரியத்தின் அதிகாரமுடையோர் முறைப்படி எடுத்து முத்திரையிட வேண்டும். தொண்டரின் புட்டி அபாய மணி மட்டுமே. ஆயினும் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வாயிலைத் திறந்தது: 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் முறையிடலாம். அப்போது தேதியும் நேரமும் குறித்த ஏடு கையிலிருப்பவர் பேச்சே எடுபடும்.

நீர்நிலையில் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். நம் பள்ளிவாசல் ஹவ்ழுக்கு நீர் தரும் ஆழ்துளைக் கிணறு கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று எத்தனை நிர்வாகிகளுக்குத் தெரியும்? கிண்டி கிங் நிலையத்தில் நீர்ப் பகுப்பாய்வுப் பிரிவு உண்டு. கிருமிநீக்கிய புட்டியில் எடுத்து, குளிர் மாறாமல் அன்றே சேர்த்துவிட வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை எனச் சோதித்து, முடிவை உளூச் செய்யுமிடத்தில் ஒட்டிவைப்பது மஹல்லா இளைஞர்களால் இயலாத காரியமன்று.